பூசணம் பற்றிய பக்கம்

டெமா துறைமுகத்தில் ஏழாம் எண் கிரேன்.
நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி,
ஒரு நாற்காலி, காலடியிலும் கண்ணாடி.
நாள் முழுக்கக் குனிந்து கீழே பார்ப்பதுதான் என் வேலை.
தூரத்துக் கப்பலில் இருப்பவன்
ஜெபம் என்று நினைத்துக்கொள்ளலாம்.

ஜனவரி முதல் தேதி
சபையில் எல்லோருக்கும் ஓர் அட்டவணை கொடுத்தார்கள்.
ஒரே வருடத்தில் முழு வேதாகமம்.
நாளுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு மூன்று அதிகாரம்.
மணிக்கு இருபத்தெட்டு கன்டெய்னர் தூக்குகிறவளுக்கு
மூன்று அதிகாரம் எம்மாத்திரம்?

அஷைமானிலிருந்து வரும் வேனில்
பக்கத்து மடியின் கருவாட்டுக் கூடை விலாவில் இடிக்க
ஜலப்பிரளயத்தை நான்கு நிமிடத்தில் கடந்தேன்.
தலைமுறை தலைமுறையாய் அடிமைப்பட்டவர்களை
இரண்டு நிறுத்தங்களுக்குள் விடுவித்தேன்.
கட்டத்தில் டிக்.
இறங்கும்போது யாராவது கேட்டிருந்தால்
ஒரு பெயர் சொல்லியிருக்க மாட்டேன்.

நான் இறக்கி வைக்கும் பெட்டிகளும் அப்படித்தான்.
உள்ளே என்ன என்று தெரியாது.
எண்ணிக்கை சரியாக இருந்தால் சம்பளம்.

முப்பத்திரண்டாம் நாள்
பாலைவனம் எழுந்து கடற்கரைக்கு வந்தது.
புழுதியில் கப்பலின் மூக்கே தெரியவில்லை.
"எசினாம், நிறுத்து" என்றான் ரேடியோவில் டெட்டே,
"அடங்கின பிறகு பார்க்கலாம்."
கீழே இறங்க இருநூறு படி. திரும்ப ஏறவும் வேண்டும்.
உட்கார்ந்துவிட்டேன்.
பையில் புளித்த மக்காச்சோள உருண்டை, பொரித்த மீன், வேதம்.

அன்றைய கட்டத்தில்
யாரும் விரும்பிப் படிக்காத சட்டங்கள்.
தோலில் தடிப்பு. வெளுத்த மயிர்.
பிறகு, வீட்டுச் சுவரில் பூசணம்.

சிரித்துவிட்டேன்.
எங்கள் குளியலறையிலும் இருக்கிறது பச்சையாக ஒன்று,
மாதாமாதம் ஒரு புது மாவட்டத்தைச் சேர்த்துக்கொண்டு.
வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவருக்கு
இதற்கு நேரம் இருந்திருக்கிறது.
வீட்டுக்காரர் அக்பாலுவுக்கு இல்லை.

வேறு வேலை இல்லாமல் மறுபடி படித்தேன்.
புழுதி அடங்காமல் இன்னொரு தரம்.
மூன்றாவது தரம்தான் கண்ணில் தட்டியது:
ஆசாரியன் சுவரைப் பார்க்க வருவதற்கு முன்னாலேயே
வீட்டில் இருப்பதை எல்லாம்
வெளியே எடுத்து வைக்கச் சொல்கிறான்.
அவன் பார்த்து, தீட்டு என்று சொல்லிவிட்டால்
உள்ளே இருக்கிற அத்தனையும் தீட்டு.
அதனால் முன்னாலேயே.
பாய். சட்டி. தொட்டில்.

நாலே நாலு பாத்திரம் வைத்திருந்த யாரோ ஒருத்தியை
சட்டம் எழுதின இடத்தில்
யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் பழைய வரிசைக்கு புல்டோசர் வந்த காலையில்
தையல் மெஷின் உள்ளேதான் இருந்தது.
அதில் பாதி தைத்த பள்ளிச் சீருடை ஒன்றும்.

புழுதி இறங்கினபோது மணி நாலு.
டெட்டே கூப்பிட்டான்,
கூப்பிட்டது காதில் விழவில்லை.

அந்தப் பக்கத்தில் ஒன்பது நாள் இருந்தேன்.
ட்ஸிஃபா ராஜாக்கள் காலத்துக்குப் போய்விட்டாள்,
ஞாயிறுதோறும் நின்று விசாரிக்கிறாள்
காய்ச்சல்காரியை விசாரிப்பதுபோல.
இப்போது நாளுக்கு ஒரு பத்தி,
லாரி வரத் தாமதமானால் இரண்டு.
சில நாள் வார்த்தைகள் வாயில் மணலாய் அரைபடும்,
மூடிவிடுவேன்.
மூடினாலும் மறுநாள் அதே இடத்தில்
மீன் எண்ணெய் பட்ட விரலடையாளம் காத்திருக்கும்.
அட்டவணையை எட்டாய் மடித்து
கடகடக்கிற கண்ணாடி ஜன்னலின் இடுக்கில் செருகியிருக்கிறேன்.
காற்று வந்தாலும் இப்போது சத்தமில்லை.

நேற்றிரவு செனியோ
சுண்ணாம்பும் பிரஷுமாய் வந்து நின்றான்,
இனி அக்பாலுவை நம்பிப் பயனில்லை என்று.
"ஒரு நிமிஷம்" என்றேன்.
வாளி, குவளை, சோப்புப் பெட்டி,
பிள்ளையின் பிளாஸ்டிக் வாத்து
ஒவ்வொன்றாய் எடுத்து வாசலில் வரிசை வைத்தேன்.
"இதெல்லாம் எதற்கு?" என்றான்.

சுண்ணாம்பு தெறிக்கும் என்றேன்.